மருந்தில்லாத காலை

வண்டிச் சத்தமா? இல்லை, பக்கத்துப் பேரித் தோட்டத்தில் மருந்தடிக்கிற மோட்டார். டாக்டர் வண்டியென்றால் வளைவில் ஒரு ஹாரன் கேட்கும். ஆள் அரவமே இல்லாத வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்புகிற பெண் அவள், எல்லாவற்றையும் முறைப்படி செய்கிறவள், அதுதான் எனக்குப் பயம். முறைப்படி செய்கிறவர்களிடம் பொய் சொன்னால் அதை அவர்கள் அப்படியே நம்பி, அதன்மேல் அடுத்த காரியத்தையும் முறைப்படி செய்துவிடுவார்கள். பொய் சொல்ல எனக்கு வராது என்றில்லை. ஏரிக்கரையில் கம்பளித் தொப்பி விற்கிறவள் நான், பாதி நூல் கம்பளியே இல்லை, நூறு பேரிடம் சுத்தமான கம்பளி என்று கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அது வேறு. தொப்பிக்கு வலிக்காது. இப்போதும் மடியில் ஒரு தொப்பி கிடக்கிறது, நேற்றிலிருந்து ஒரே வரிசையில் நிற்கிறது, ஒரு கண்ணி நழுவும், பிரிப்பேன், மறுபடி பின்னுவேன், அதே இடத்தில் மறுபடி நழுவும். பனி இன்னும் விலகவில்லை, கொட்டகைக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே எங்கள் குதிரை கலெக்டர் நிற்கிறான். நிற்கிறதுக்குச் சத்தம் உண்டா என்று கேட்டால் உண்டு. வலிக்கிற குதிரை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், குளம்பு பலகையில் டொக், கொஞ்சம் இடைவெளி, டொக். நேற்றெல்லாம் அந்தச் சத்தம்தான். இப்போது இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

கலெக்டர் என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர் அருளப்பன்தான். வந்த புதிதிலேயே ஏரிச் சாலையில் அவன் நடுவில்தான் நடப்பான், கார்க்காரன் ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டான், எல்லோரும் ஒதுங்கவேண்டும். வேகமாகப் போ என்றால் போகமாட்டான், நில் என்றால் அவனுக்குத் தோன்றின இடத்தில்தான் நிற்பான். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவரையும் கீழே தள்ளினதில்லை. கல்யாணமான மறுவாரம் வந்து கிரீச்சென்று கத்துகிற பெண்கள், தொப்பை இடிக்கிற மாமாக்கள், அழுதுகொண்டே ஏறி இறங்கமாட்டேன் என்று அழுகிற குழந்தைகள், எல்லோரையும் அவன் சுமந்து ஏரியைச் சுற்றிக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். அவனுக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. யாராவது போனைத் தூக்கினால் போதும், அப்படியே நின்றுவிடுவான். கழுத்தை நிமிர்த்தி, இரண்டு காதையும் முன்னால் விட்டு, மூச்சைக் கூடப் பார்த்து விடுகிற மாதிரி நிற்பான், படம் எடுத்து முடிந்ததும் தானாக நடப்பான். யாரும் பழக்கவில்லை. படகுத்துறை வளைவில் எல்லோரும் நிறுத்திப் படம் எடுப்பார்கள், அதிலிருந்து அவனே பிடித்துக்கொண்டது. போன் பேச எடுத்தாலும் நிற்பான், பாவம், அவனுக்கு எல்லாம் படம்தான். சவாரியை நிறுத்தி எத்தனை சீசன் ஆயிற்று, இன்னும் அந்தக் கிறுக்குப் போகவில்லை. போன மாதம் என் மகள் திருப்பூரிலிருந்து கூப்பிட்டபோது கொட்டகை வாசலில் நின்று போனை எடுத்தேன், தின்றுகொண்டிருந்தவன் வாயில் புல்லோடு நிமிர்ந்து நின்றான். நான் சிரித்தேன். என்னம்மா சிரிக்கிற என்றாள். கலெக்டர் போஸ் குடுக்குறான் என்றேன். இன்னும் அத வச்சிக்கிட்டு அழுகிறீங்களா ரெண்டு பேரும் என்றாள். அதற்கப்புறம் அவள் பேசினது எதுவும் என் காதில் ஏறவில்லை.

முன்னங்கால் இரண்டும் மூட்டுத் தேய்ந்துவிட்டது அவனுக்கு. வலிக்கு ஒரு பொடி, தினமும் காலையில் நான் வெல்லத்தையும் கேப்பை மாவையும் பிசைந்து நடுவில் பொடியை வைத்து உருண்டை பிடித்துக் கொடுப்பேன். கசப்புப் பொடி, ஒருதரம் நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன், மத்தியானம்வரை போகவில்லை. அவன் எனக்காக அதை விழுங்குகிறானோ வெல்லத்துக்காக விழுங்குகிறானோ, உள்ளங்கையைச் சுத்தமாக நக்கிவிட்டுத்தான் விடுவான். அந்தப் பொடி விற்கிற வத்தலக்குண்டு கடைக்காரன் இருக்கிறானே, அவன் உருப்படவேமாட்டான். முன்னெல்லாம் ஒரு டப்பா வாங்கினால் எவ்வளவு நாள் வரும், இந்தக் கொஞ்ச நாளாக டப்பா பாதி நாளிலேயே காலியாகிவிடுகிறது, அளவைக் குறைத்துவிட்டு அதே விலைக்கு விற்கிறான், போனில் நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன், சீல் உடைக்காத டப்பாம்மா அது என்று சத்தியம் செய்கிறான். சத்தியமாம். சரி, அது கிடக்கட்டும். பொடி வலியை மட்டும்தான் எடுக்கும், நோயை எடுக்காது, அதோடு கிட்னியையும் வயிற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் இந்தச் சோதனை. மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து வாயைப் பார்த்து, ரத்தம் எடுத்து, ஓட்டிப் பார்ப்பாள். பார்க்கிறதுக்கு முந்தின இரண்டு நாளும் மருந்து கூடாது, அன்றைக்குக் காலையிலும் கூடாது. மருந்தைக் கொடுத்துவிட்டு ஓட்டினால் மருந்துதான் ஓடும், குதிரை ஓடாது என்றாள். நியாயம்தான். வலி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வலியைத் திறந்துவிட்டுப் பார்க்கவேண்டும். ஆனால் திறந்துவிட்டுப் பார்க்கிற அந்த இரண்டு நாளும் அவள் திண்டுக்கல்லில் இருப்பாள். இங்கே இருக்கிறது நான். போனதரம் ஜீப்பில் ஏறுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், அம்மா, அடுத்த தடவை மருந்தில்லாம அவனால நடக்க முடியலன்னா, அவன வலியிலயே வச்சிருக்கிறது நியாயமில்ல, தூங்க வச்சிரலாம், அதப்பத்தி நீங்களும் ஐயாவும் பேசி வச்சிக்கங்க. தூங்க வைப்பதாம். என் மகளை நான் எத்தனை ராத்திரி தூங்க வைத்திருக்கிறேன். அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள இவர்களுக்கு எப்படி மனசு வந்தது.

பேசி வைத்துக்கொள்ளச் சொன்னாள். யாரோடு பேச? அருளப்பன் பேசுகிற ஆளா? உத்தரவு வாங்கி வந்து பேசுகிற மாதிரி ஒரு வார்த்தை, அரை வார்த்தை. முந்தாநாள் கஞ்சி குடிக்கும்போது நானாகத்தான் ஆரம்பித்தேன், என்னங்க, டாக்டரம்மா அப்படிச் சொன்னாங்கன்னா என்ன செய்யிறது. அவர் கஞ்சியைப் பார்த்துக்கொண்டே, டாக்டர் சொன்னா கேட்டுக்கிற வேண்டியதுதான் செலினு என்றார். அவ்வளவுதான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். கல் மனசு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனோடு எத்தனை ஆயிரம் சுற்று ஏரியைச் சுற்றிய மனிதர், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவர் போர்வையைக்கூட எடுத்துப் போடவில்லை. நேற்று முழுக்க அவன் பட்ட பாடு இருக்கிறதே, மாதாவே, எந்த ஜீவனும் படக்கூடாது. தண்ணீர் வாளிக்கு இரண்டு எட்டு, அந்த இரண்டு எட்டு வைக்க அவன் யோசிக்கிறான். கண்ணுக்குமேலே தசை சுருங்கிச் சுருங்கி விரிகிறது. கத்தவாவது கத்தினால் பரவாயில்லை, குதிரை வலியில் கத்தாது, வாயை இறுக்கிக்கொண்டு நிற்கும். இன்று விடிந்ததும் போய்ப் பார்த்தேன், அவன் தலையைத் தூக்கவேயில்லை. அருளப்பன் அதற்குள் எழுந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்கு வந்தேன், வெல்லத்தை எடுத்தேன், மாவை எடுத்தேன், டப்பாவை எடுத்தேன். யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை தினமும் செய்கிறதைச் செய்தது. முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். அப்போதுதான் அது நடந்தது. அவன் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெல்லத்தைக் கண்டு முகத்தைத் திருப்புகிற கலெக்டரை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மறுபடி நீட்டினேன், கெஞ்சினேன், கடைவாய்ப் பக்கமாகத் திணித்தேன், எனக்காக மென்று விழுங்கினான், கையை நக்கவில்லை. தீனி குறைந்தால், விருப்பமான தின்பண்டத்தை ஒதுக்கினால், உடனே சொல்லவேண்டும் என்று டாக்டர் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள், கிட்னி போகிறதற்கு அதுதான் முதல் அடையாளமாம். சொல்லவா. சொன்னால் ஏன் வெல்லம் நீட்டினீங்க என்பாள். வெல்லம் சும்மா நீட்டினேன் என்று சொல்லலாம். சொன்னால் தூங்க வைத்துவிடுவாள். கண்ணி மறுபடி நழுவிவிட்டது. இதோ ஹாரன்.

முபீனா டாக்டர் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கிறாள். சின்னப் பெண், என் மகள் வயசுதான் இருக்கும், தலையில் துணியை இறுக்கிக் கட்டி, கழுத்தில் அந்தக் குழாய். “என்னம்மா, குளிரு வாட்டுதா? கலெக்டர் சார் எப்படி இருக்காரு?” நன்றாகச் சிரிக்கிறாள். “இருக்கான் டாக்டரம்மா.” “ரெண்டு நாளா மருந்து நிப்பாட்டியாச்சுல்ல? காலையிலயும் குடுக்கலையே?” எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டாள், நான் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை, வாய் தானாக, “இல்லங்க, குடுக்கல” என்றது. அதே சமயம் கொட்டகைக்குள்ளிருந்து, “குடுக்கல டாக்டர்” என்று அருளப்பன் குரல். அவர் சொல்வது நிஜம், நான் சொல்வது பொய், இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. “சரி ஐயா, வெளிய கொண்டாங்க, மொதல்ல நடக்க விட்டுப் பாப்போம்.” கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் வருகிறார், பழைய பச்சை ஸ்வெட்டர், முழங்கை கிழிந்தது, தைத்துத் தருகிறேன் என்றால் தரமாட்டார், பின்னால் அவன். அவன் நடக்கிறான். மாதாவே, அவன் நடக்கிறான். நேற்று வாளிக்கு இரண்டு எட்டு வைக்க யோசித்தவன், ஈரத் தரையில் தலையை ஆட்டாமல் நடக்கிறான். நொண்டுகிற குதிரை வலிக்கிற கால் தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்கும், அதைத்தான் இவள் பார்க்கிறாள், நானும் அதைத்தான் பார்க்கிறேன், தலை தூக்கவில்லை. என் ஒரு உருண்டை இவ்வளவு வேலை செய்யுமா? தினமும் கொடுத்த நாளிலேயே கொஞ்சம் தலை ஆடுமே. ஒருவேளை நிஜமாகவே தேவலையாகிவிட்டதோ. நான் சொன்ன செபமெல்லாம் வீணாகவில்லையோ. “ஐயா, கொஞ்சம் ஓட்டுங்க.” அருளப்பன் ஓடுகிறார். இந்த வயசில் பேரி மரம்வரை ஓடித் திரும்புகிறார், வாய் திறந்திருக்கிறது, மூச்சு புகையாக வருகிறது, தேய்ந்த முழங்கால் அவருக்கும் உண்டு, ஆனால் இரண்டு பேரும் ஒரே தாளத்தில் ஓடி வருகிறார்கள், குளம்பு சரியாக விழுகிறது, ஒன்று இரண்டு ஒன்று இரண்டு. எனக்குக் கண்ணை முட்டிக்கொண்டு வந்தது. கிழட்டுக் கழுதைகளா, எங்கே வைத்திருந்தீர்கள் இந்த ஓட்டத்தை?

டாக்டர் வீடியோ எடுக்கிறதற்காகப் போனைத் தூக்கினாள். அவ்வளவுதான், ஓடிவந்த கலெக்டர் அப்படியே நின்றுவிட்டான். அருளப்பன் இழுபட்டு ஒரு எட்டு முன்னால் போய்த் தடுமாறினார். கழுத்து நிமிர்ந்தது, காது முன்னால் வந்தது, அசைவில்லை. டாக்டர் போனைத் தாழ்த்தினாள், அவன் நடந்தான். தூக்கினாள், நின்றான். “யா அல்லா, இவன என்னதான் செய்யிறது” என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரித்த பிறகுதான் நான் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று தெரிந்தது. கடைசியில் போனை ஜீப்பின் பானெட்டில் சாய்த்து வைத்து அவனுக்குத் தெரியாமல் எடுத்தாள். அப்புறம் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள், நிறைய நேரம் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. “இந்தப் புண்ணு எப்ப வந்துச்சும்மா? நாக்குக்குக் கீழ, ஒதட்டு உள்பக்கம் பூராம் இருக்கே.” தெரியாதுங்க என்றேன். நிஜமாகவே தெரியாது. “நீங்க குடுக்கிற அளவுக்கு இவ்ளோ வரக்கூடாதே... வைக்கோல்ல முள்ளு கிள்ளு இருந்துச்சா?” இருந்திருக்கும் என்றேன். முள், ஆமாம், முள்ளாகத்தான் இருக்கும், கீழே மலையடிவாரத்து வைக்கோல், அதில் இல்லாத முள்ளா. அவள் கழுத்து நரம்பைத் தடவிப் பிடித்து ஊசி ஏற்றி ரத்தம் எடுத்தாள், கறுத்த ரத்தம், குப்பியில் நிறைகிறது, அதற்குள் என் வெல்லம் இருக்குமா, நான் கொடுத்த பொடி பேசுமா, இவன் காலையில் மருந்து தின்றான் என்று அந்தக் கண்ணாடிக் குப்பி திண்டுக்கல்லில் போய்ச் சொல்லுமா. “தீனி எப்படி எடுக்குறான்?” நான் அருளப்பனைப் பார்த்தேன். அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா திங்கிறான் டாக்டரம்மா, ஒண்ணும் கொறையில்ல.” இது இரண்டாவது பொய். முதல் பொய்யைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது, இது வழுக்கிக்கொண்டு போயிற்று.

கையைக் குழாயடியில் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள், “அம்மா, எனக்கே ஆச்சரியமா இருக்கு. நான் வேற ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கும்னு மனச திடப்படுத்திக்கிட்டுத்தான் மலையேறி வந்தேன். ரெண்டு நாள் மருந்தில்லாம இப்படி ஓடுறான்னா, அந்தப் பேச்சே இப்ப வேணாம்.” எனக்கு உடம்பெல்லாம் இலேசாயிற்று. ஜெயித்துவிட்டேன். மாதாவே, உனக்கு மெழுகுவர்த்தி, பெரிய மெழுகுவர்த்தி. அவள் கையைத் துடைத்தாள். “வாய்ல வேற புண்ணு, போன தடவையே கிட்னி கணக்கு கொஞ்சம் ஏறி இருந்துச்சு. அதனால மருந்த இன்னையோட நிப்பாட்டிருவோம். மருந்தில்லாமலே நல்லா இருக்கான், எதுக்கு வெசத்தக் குடுக்கணும்? அந்த டப்பாவையும் எடுத்துட்டு வாங்கம்மா, நானே கொண்டுபோயிர்றேன். வீட்ல இருந்தா கை சும்மா இருக்காது.” சரிங்க என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன், வந்த பிறகுதான் அவள் சொன்னது உறைத்தது. நிப்பாட்டிருவோம். முழுக்க. டப்பா அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்தேன், இலேசாக இருந்தது, அந்தக் கடைக்காரன் வேலை. நேற்று மாதிரி நாளைக்கு. நாளை மறுநாளும் நேற்று மாதிரி. டொக், இடைவெளி, டொக். அவனை உயிரோடு விட்டுவிட்டாள், அது போதும் என்று ஒரு மனசு சொல்கிறது, இந்த டப்பாவைக் கொடுத்துவிட்டு வேறு கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்ளேன், யாருக்குத் தெரியும். சரி, வாங்குகிறேன், திருட்டுத்தனமாகக் கொடுக்கிறேன், வாயெல்லாம் புண்ணாகி, வெல்லத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பி, கிட்னி போய், அப்புறம்? கொடுக்காவிட்டால் வாளிக்கு இரண்டு எட்டு யோசிக்கிறான். கொடுத்தால் உள்ளே அழுகுகிறான். இதில் எதை நான் ஜெயித்தேன்? நான் அவனைக் காப்பாற்றவில்லை. இவனில்லாமல் இந்தக் கொட்டகையும் இந்தப் பேசாத மனிதரும் நானும் மட்டும் இருக்கவேண்டுமே என்று எனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு அவனை நிற்க வைத்திருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, தணிக்கவில்லை, டப்பாவோடு வெளியே வந்தேன்.

அவள் கையை நீட்டினாள். நான் கொடுத்தேன், ஆனால் விடவில்லை, இரண்டு பேரும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். “டாக்டரம்மா, காலையில குடுத்துட்டேன்.” “என்னம்மா?” “மருந்து. காலையில ஒரு உருண்ட குடுத்துட்டேன். நேத்து அவனால நிக்கவே முடியல. நீங்க தூங்க வச்சிருவீங்கன்னு...” அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அருளப்பனைப் பார்த்தேன், இப்போது திட்டுவார், மனிதர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாயே என்பார். அவர் கயிற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “நானுந்தான் டாக்டர்” என்றார். “விடியிறதுக்கு முன்ன, வாழப்பழத்துக்குள்ள வச்சு. இவளுக்குத் தெரியாது.” பேரித் தோட்டத்து மோட்டார் நின்றுவிட்டிருந்தது. இந்த மனிதர். டாக்டர் சொன்னா கேட்டுக்கிற வேண்டியதுதான் என்று கஞ்சியைப் பார்த்துக்கொண்டே சொன்ன மனிதர், குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த மனிதர். கல் மனசென்று அவருக்குப் போர்வை போடாமல் விட்டேனே. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதற்குள்ளேயே ஒரு நிம்மதியும் வந்தது, கேவலமான நிம்மதி, அதனால்தான் அவன் வெல்லத்தை ஒதுக்கினான், வாழைப்பழம் தின்ற வாய், வேறொன்றுமில்லை, கிட்னியெல்லாம் ஒன்றுமில்லை. டாக்டர் கவிழ்த்து வைத்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. “ரெண்டு பேருமா” என்றாள், கொஞ்சம் கழித்து மறுபடி, “ரெண்டு பேருமா குடுத்தீங்க” என்றாள். எழுந்தபோது குரலில் சிரிப்பின் மிச்சம்கூட இல்லை. “ஒரே காலையில ரெண்டு அளவு. தண்ணி நெறைய வைங்க. லத்தி கறுப்பா போகுதான்னு பாருங்க, போனா உடனே கூப்பிடுங்க. வெள்ளிக்கிழம மறுபடி வர்றேன். அதுவரைக்கும் ஒண்ணும் கெடையாது. வலிக்கும், நீங்க பாத்துத்தான் ஆகணும். அன்னைக்கு அவன் எப்படி நிக்கிறானோ அதுதான் முடிவு. என்னைய ஏமாத்தல நீங்க, அவனத்தான் ஏமாத்துனீங்க.” டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டாள். போகும்போது வளைவில் ஹாரன் கேட்டது.

வெள்ளிக்கிழமை என்றால் நடுவில் எத்தனை ராத்திரி என்று எண்ணப் பிடிக்கவில்லை. அருளப்பன் அவனைக் கொட்டகைக்குள் கட்டாமல் வெயில் படுகிற இடத்தில் நிறுத்தியிருந்தார். பனி விலகிக் கொஞ்சம் வெயில் வந்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். நிறைய நாள் கழித்து நாங்கள் மூன்று பேரும் இப்படிச் சேர்ந்து நிற்கிறோம் என்று தோன்றியது. “நல்லா ஓடுனான்ல” என்றார். “ஓடுனான்” என்றேன். “நீங்களும் நல்லாத்தான் ஓடுனீக.” அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. உள்ளங்கையை விரித்து அவன் மூக்கின்கீழ் வைத்தேன், இன்றைக்கு ஒன்றுமில்லை ராசா என்று. அவன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்து, என்னைத் தாண்டி, அருளப்பனின் பச்சை ஸ்வெட்டர் வலது பைக்குள் மூக்கை நுழைத்தான். சரியாக அந்தப் பைக்குள். நுழைத்து, உதட்டால் பையின் துணியைப் புரட்டி, அடியில் துழாவினான், கிடைக்கவில்லை, மூச்சை விட்டான், மறுபடி துழாவினான். தினமும் போகிற வீட்டுக்குள் போகிறவன் மாதிரி. அருளப்பன் அவனைத் தள்ளவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. ஒருநாள் வைத்த இடத்தை எந்தக் குதிரையும் இப்படித் தேடாது. “எவ்வளவு நாளா?” என்றேன். அவர் அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். “என்னங்க, எவ்வளவு நாளா?” “போன தடவ டாக்டர் வந்துட்டுப் போனதுலேர்ந்து” என்றார். “சாயங்காலம் ஆனா மருந்து விட்ருது செலினு. நீ உள்ள பொயிருவ. அவன் நின்னுக்கிட்டு என்னைய பாப்பான். இந்த ரெண்டு நாளுதான் குடுக்கல. அதும் இன்னைக்கு முடியல.” கடைக்காரன் டப்பாவில் அளவைக் குறைக்கவில்லை. வைக்கோலில் முள் இல்லை. வாயெல்லாம் புண்ணாகி வெல்லம் எரிந்து அவன் முகத்தைத் திருப்பியிருக்கிறான், வாழைப்பழம் மெத்தென்றிருக்கிறது, அதனால் அதைத் தின்றிருக்கிறான். மூன்று மாதம் காலையில் நான், சாயங்காலம் இவர், ஆளுக்கொரு பக்கம் அன்பாகக் கொடுத்துக் கொன்றுகொண்டிருந்திருக்கிறோம், குப்பியில் கறுப்பாக நிறைந்ததே ரத்தம், அது எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு மலையிறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. “டாக்டருக்குச் சொல்லணும்” என்றேன். “சொல்லு” என்றார், “நான் பேசுனா எனக்கு வராது.” இடுப்பிலிருந்து போனை எடுத்து, வெயிலில் திரை தெரியாமல், கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அவள் பேரைத் தேடினேன். கலெக்டர் பைக்குள்ளிருந்து மூக்கை எடுத்தான். கழுத்தை நிமிர்த்தி, இரண்டு காதையும் முன்னால் விட்டு, அசையாமல் நின்றான்.